கித்தானைத் தின்ற பூசணம்

பட்டமளிப்பு அங்கிக்குள் நீங்கள் வேர்த்துக்கொண்டிருப்பது தெரிகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் எத்தனாலாக்குவதுதான் என் பிழைப்பு. என் ஆய்வு மாணவர்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த கதை ஒன்று உண்டு. உங்களையும் விடுவதாக இல்லை.

இரண்டாம் உலகப் போரில் தென்பசிபிக் தீவுகளில் கிடந்த அமெரிக்கப் படைக்குக் கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்றும் இருந்தது. அந்தப் புழுக்கத்தில் பருத்திக் கூடாரங்களும் உடுப்புகளும் இற்று விழுந்தன. இதைத் தடுக்க வழி காணுங்கள் என்று ராணுவம் ஆய்வாளர்களைப் பணித்தது. கெட்டுப்போன துணிகளிலிருந்து பூசணங்களைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். சாலமன் தீவுகளின் கூடாரக் கித்தான் ஒன்றில் கிடைத்த பூசணத்துக்கு ‘கியூஎம்6ஏ’ என்று எண் இட்டார்கள். எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளருக்கோ, அதைக் கொல்வதைவிட அது எப்படித் தின்கிறது என்று பார்ப்பதில்தான் ஆசை. பருத்தி ஏறக்குறைய முழுதும் செல்லுலோஸ். அதைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளை அந்தப் பூசணம் தாராளமாகச் சுரந்தது. பின்னாளில் அவர் பெயரே அதற்கு வந்தது: டிரைக்கோடெர்மா ரீசை. இன்று நொதி ஆலைகளில் வளரும் ரீசை வகைகள் அநேகமாக எல்லாமே அந்த ஒற்றைக் கித்தானின் வாரிசுகள். கூடாரம் இற்ற இடத்திலிருந்து தொடங்கியதால் கிடைத்த செல்வம் அது.

மாணவனாக இருந்தபோது ஒரு சர்க்கரை ஆலைக்குப் போனேன். மொலாசஸ் நெடி சட்டையை விட்டுப் போகவே இல்லை. விடுதியில் ஒருவனும் பக்கத்தில் சேர்க்கவில்லை. ஒரு டன் கரும்புக்குக் கால் டன்னுக்கு மேல் சக்கை விழுவதை அங்கேதான் பார்த்தேன். பித்துப் பிடித்தது அன்றைக்கு.

ஹரியானாவின் பானிபட்டில் 2022இல் ஓர் ஆலை திறந்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோல், அதிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது திட்டம். டன்னுக்கு 150 லிட்டர். கேட்டதும் உங்களுக்கு நொதி நினைவுக்கு வரும். எனக்கு லாரி நினைவுக்கு வருகிறது. வைக்கோல் லாரியை நிரப்பும், எடை நிற்காது. சில வாரங்களில் அறுத்ததை ஆண்டு முழுதும் நனையாமல், தீப்பிடிக்காமல் காக்க வேண்டும். கூடவே வரும் மண்ணும் சிலிக்காவும் இயந்திரத்தை அரித்துவிடும். அங்கே நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையில் அவகாசம் இல்லாததால் விவசாயி வைக்கோலைக் கொளுத்துகிறார். நம் காவிரி டெல்டாவில் அது மாட்டுக்குத் தீவனம், விலையுள்ள பொருள். பானிபட் கணக்கை அப்படியே தஞ்சாவூருக்குத் தூக்கி வர முடியாது.

நிலத்தைக் கேட்காமல் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் காட்டாமணக்கு சாட்சி. 2003இல் மத்திய திட்டக்குழு அதை டீசலுக்கு மாற்றான எண்ணெய்ப் பயிராகப் பெரிதாக முன்வைத்தது. தரிசில் தண்ணீரில்லாமலே வளரும் என்றார்கள். வளர்ந்தது, உண்மைதான். சொன்ன அளவு காய்க்கத்தான் இல்லை. அதற்குத் தண்ணீரும் உரமும் கேட்டது. மானாவாரி விவசாயி ஒருவரை முதலிலேயே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வைக்கோலைக் கெட்டிப்படுத்தும் லிக்னினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உங்கள் சாப்பாடு ஆறிவிடும், விடுகிறேன். ஆய்வுக்கு வர விரும்புகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலோடு, உங்கள் ஊரில் ஒரு கட்டு வைக்கோல் இன்று என்ன விலை என்பதையும் விசாரித்து எழுதுங்கள். அதைத்தான் முதலில் படிப்பேன்.