அரசன் பொருளும் அரசின் பொருளும்: ஐதராபாத்தின் பத்து லட்சம் பவுண்டு

  

சமஸ்தானங்கள் இந்தியாவோடு இணைந்தபோது மன்னர்களின் சொத்து என்னவாயிற்று? அவையில் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பழகியது. மீதிப் பேருக்கு, இதைப் பற்றி நானும் என் நண்பர்களும் கருத்தரங்குதோறும் சண்டையிடுவது பழகியது. மன்னர்களின் சொத்தை அரசு பறித்துக்கொண்டது என்பார் ஒரு சாரார். மக்கள் சொத்தை மன்னர்கள் தம் பெயரில் எழுதிக்கொண்டார்கள் என்பார் இன்னொரு சாரார். அரசன் பொருளுக்கும் அரசின் பொருளுக்கும் நடுவே முன்பே ஒரு வரப்பு இருந்தது, யாரோ அதை வெட்டினார்கள் என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்று. முன்பு வரப்பே இல்லை என்பது என் கட்சி. இணைப்பு நடந்த ஆண்டுகளில் மேசையில் உட்கார்ந்து போட்டதுதான் அது. மன்னர் தன் சொத்துப் பட்டியலைக் கொடுப்பார். இந்திய அரசின் சமஸ்தான அமைச்சகம் அடித்துத் திருத்தும். பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அந்த உடன்படிக்கைகள் பற்றிய தகராறுகளை நீதிமன்றங்கள் விசாரிக்க அரசியலமைப்பின் 363ஆம் பிரிவு இடம் தரவில்லை.

உடனே ஐதராபாத்தைக் காட்டுவார்கள். அங்கே மன்னரான நிஜாமின் சொந்த நிலங்களான சர்ஃப்-இ-காஸ் தனி, அரசின் திவானி நிலங்கள் தனி, வரப்பு இருந்ததே என்பார்கள். இருந்தது, காகிதத்தில். அந்தச் ‘சொந்த’ நிலங்களில் நிஜாமுக்குத் தனி நிர்வாகமே இருந்தது. குடிகளிடம் நிலவரி வசூலானது. எந்த வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் குடிகளிடம் வரி வாங்குகிறார்? 1949இல் அந்த நிலங்கள் அரசோடு சேர்ந்தபோது, ஈடாக ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது லண்டனுக்கு வாருங்கள். 1948 செப்டம்பர் 13 அன்று இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். 20ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியிலிருந்த ஐதராபாத்தின் 10,07,940 பவுண்டு 9 ஷில்லிங், அமைச்சர் மொயின் நவாஸ் ஜங்கின் ஏற்பாட்டில், பாகிஸ்தான் ஹைகமிஷனர் ரஹிம்தூலாவின் கணக்குக்கு மாறியது. ஒரு வாரத்துக்குள் நிஜாம், இது என் அனுமதியின்றி நடந்தது, பணத்தைத் திருப்புங்கள் என்றார். பாகிஸ்தான் சம்மதிக்காமல் முடியாது என்றது வங்கி.

1954இல் வழக்கு. வாதிகள் இருவர்: ஒருவர் நிஜாம், மற்றொன்று ஐதராபாத் அரசு. அப்போது அந்த அரசின் தலைவரான ராஜப்பிரமுகரும் நிஜாமே! பணம் அரசனுடையதா, அரசினுடையதா என்பது தெளிவாக இருந்திருந்தால் இருவரும் எதற்காகச் சேர்ந்து படியேற வேண்டும்? என் நண்பர்கள் இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் சொன்னதில்லை. 1957இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, பாகிஸ்தான் இறையாண்மையுள்ள நாடு, அதை இங்கே கூண்டிலேற்ற முடியாது என்று வழக்கைத் தடுத்துவிட்டது. பணம் வங்கியிலேயே கிடந்து வட்டி போட்டது. 1963இல் நிஜாம் இந்த உரிமையைப் பேரன்மார் இருவருக்காக அறக்கட்டளையாக எழுதினார். 1965இல் அதையே இந்தியக் குடியரசுத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே பணம், முதலில் குடும்பச் சொத்தாக, பிறகு நாட்டுச் சொத்தாக!

2013இல் பாகிஸ்தானே வழக்குப் போட்டு, தன் விலக்குரிமையைத் தானே இழந்தது. ஐதராபாத் ஆயுதம் வாங்கியதற்கான பணம் என்றெல்லாம் வாதிட்டுப் பார்த்தது. 2019 அக்டோபர் 2 அன்று நீதிபதி மார்கஸ் ஸ்மித், ஏழாம் நிஜாமின் வழியாக உரிமை கோருவோருக்கே பணம் என்று தீர்ப்பளித்தார். தொகை அதற்குள் சுமார் 3.5 கோடி பவுண்டு. இந்தியாவும் பேரன்மாரும் முன்கூட்டியே தங்களுக்குள் சமரசம் செய்துகொண்டு ஒரே பக்கம் நின்றார்கள். ஆகவே அரசனுக்கு எவ்வளவு, நாட்டுக்கு எவ்வளவு என்று நீதிமன்றம் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. எழுபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகும் மேசையில்தான் முடிந்தது.

நேரம் நெருங்குவதாகச் சீட்டு வந்திருக்கிறது. மற்றவற்றைத் தொட்டுக் காட்டுகிறேன். திருவிதாங்கூரில் மூன்றாவது உரிமையாளர் ஒருவர் உண்டு: கடவுள். மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாபருக்கு ஒப்படைத்துவிட்டார். 2020இல் உச்ச நீதிமன்றம் அரச குடும்பத்துக்கு உறுதிசெய்தது பத்மநாபர் கோயிலை நிர்வகிக்கும் உரிமையை மட்டுமே. திருவிதாங்கூரிலிருந்து வந்த கன்னியாகுமரிப் பகுதிக் கோயில்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 290அ பிரிவு சொல்வதும் அந்தப் பழைய கணக்கின் மிச்சமே. மன்னர்களுக்கு அரசு தந்துவந்த மானியத்தை 1971இல் 26ஆம் திருத்தம் நிறுத்திய கதை தனி உரைக்குரியது. அரண்மனைப் பெண்களின் நகைகள் பட்டியல்களில் எப்படி இடம்பெற்றன என்று யாராவது பார்க்க வேண்டும். 1948 மார்ச்சில் இணைந்த புதுக்கோட்டையின் தர்பார் ஆவணங்களையும் இந்தக் கண்ணோடு படிக்கலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இறுதிப் பட்டியல்களை விடுங்கள். அடித்துத் திருத்திய வரைவுகளைத் தேடி எடுங்கள். கிடைத்தால் முதலில் எனக்கு அனுப்புங்கள், என் நண்பர்களுக்குப் பிறகு அனுப்பலாம்.