பார்த்துக்கொண்டிருந்தவர்களை எண்ணுவது



நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் எந்த டைப் என்று சொன்னாலே அப்பாவின் வேலை தெரிந்துவிடும். தொண்ணூறுகளில் எங்கள் வகுப்பில் ஒப்பந்தத் தொழிலாளியின் மகன் ஒருவன் இருந்தான், குவார்ட்டர்ஸே கிடையாது. அவனைச் சாதிப் பெயரால் கூப்பிட்டவர்கள் மூன்று பேர். சிரித்தவர்கள் ஏழெட்டுப் பேர். மிச்சப்பேர் நோட்டைப் பார்த்தோம். அவன் தெருக்காரர்களான நாங்களும்தான்.

பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவள்ளி குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு இந்த மிச்சப்பேரையும் எண்ணியது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 573 பேரிடம், ஒருவன் சீண்டப்படும்போது வகுப்பில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். சீண்டுபவன், கூடச் சேருபவன், சிரித்து ஏற்றிவிடுபவன், ஒதுங்கி நிற்பவன், தடுப்பவன், சீண்டப்படுபவன் என ஆறு கட்டம். நல்ல அளவுகோல்தான். நம் வகுப்பறைக்குள் அப்படியே பொருந்தாது.

அம்பேத்கர் பள்ளியில் தனிக் கோணியில் உட்கார்ந்தார். பியூன் வராத நாளில் அவருக்குத் தண்ணீர் இல்லை. மற்ற பிள்ளைகள் குழாயைத் திறந்து குடித்தார்கள். அவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது? ஒதுங்கி நின்றவர்கள் என்றா?

தடுப்பவன் கட்டமும் சிக்கல். 2023 ஆகஸ்ட் 9 இரவு நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவரை வீடு புகுந்து வெட்டியவர்கள் பள்ளி மாணவர்கள். தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றவர், காரணம் கேட்டபோது வாய் திறந்து சொன்னார். அவ்வளவுதான். அன்று குறுக்கே விழுந்து தடுத்தது தங்கை, அவளுக்கும் வெட்டு. அந்த வகுப்பில் கேள்வித்தாள் கொடுத்திருந்தால் எத்தனை பேர் உண்மை எழுதியிருப்பார்கள்? எழுதிய தாள் யார் மேசைக்குப் போயிருக்கும்?

நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறும் நெற்றிக்குறியும் வேண்டாம் என்றது, சரியான பேச்சு. கயிறு கண்ணுக்குத் தெரியும், அவிழ்த்துவிடலாம். பின்பெஞ்சுச் சிரிப்பை எப்படி அவிழ்ப்பது? அதற்குத்தான் இந்த எண்ணிக்கை.

எழுதுகிற பிள்ளையின் பெயர் தாளில் இருக்கக் கூடாது. தாளை வாங்குபவர் அந்தப் பள்ளி ஆசிரியராக இருக்கக் கூடாது. ஆசிரியருக்கும் ஒரு கட்டம் வேண்டும், அவரும் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே. தடுத்தது தலித் பிள்ளையா, மற்ற பிள்ளையா என்று பிரித்து எழுத வேண்டும். அடுத்த நாள் வாங்கும் அடி இருவருக்கும் ஒன்றில்லை.

இந்த வேலைக்கு வரும் மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் இருங்கள். எங்கள் பழைய வகுப்பை வைத்து ஒரு தாள் நிரப்பியிருக்கிறோம். ஒதுங்கி நின்றவர்கள் கட்டத்தில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன; இரண்டு பெயர் சிரித்தவர்கள் கட்டத்திலும்.