மாடிக்கு ஒரு கைப்பிடிச் சுவர்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறக்கப் போகிறது. கடலூர், சிதம்பரம், வடலூர், நெய்வேலி, பண்ருட்டி என்று நம் பக்கத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது ஒரே பேச்சுதான். மாடித் தளத்தில் வெடிப்பு. சமையலறைச் சுவரில் ஓதம். மழை விழுந்தால் மோட்டார் சுவிட்சைத் தொடப் பயம். "ஆளைக் கூப்பிட்டா கூலி கட்டுப்படி ஆகாதுங்க, நாமளே பார்த்துக்கலாமே" என்கிறார் கணவர். "அரைகுறையா செஞ்சு கெடுத்துடாதீங்க, தெரிஞ்ச ஆளா கூப்பிடுங்க" என்கிறார் மனைவி. பையன் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "இது அஞ்சு நிமிஷ வேலைப்பா" என்கிறான்.

இதற்கும் மறையுரைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தொடர்பு உண்டு. நம் ஆண்டவர் ஒரு தச்சருடைய வீட்டில் வளர்ந்தவர். மாற்கு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் ஊர் மக்கள் அவரையே தச்சர் என்று சொல்கிறார்கள். அங்கே உள்ள 'தெக்தோன்' என்ற கிரேக்கச் சொல் மரவேலை செய்பவரை மட்டுமல்ல, வீடு கட்டுகிற கைவினைஞரையும் குறிக்கும். ஓட்டை விழுந்த கூரை அவருக்கு அந்நியமான செய்தி அல்ல.

முதலில், நம் வேலையை நாமே செய்வதைப் பற்றிப் பார்ப்போம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் நமக்கு மறக்காது. அன்று விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டியின் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து, பல கிராமங்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. அப்போது கொத்தனாரையும் தச்சரையும் கூப்பிட்டால் அவர் எப்படி வருவார்? அவர் வீட்டுக் கூரையும்தானே பறந்திருந்தது! ஆசிரியர் கீற்று முடைந்தார், கடைக்காரர் ஓடு மாற்றினார், பெண்கள் மண்சுவரைப் பூசினார்கள், பிள்ளைகள் முறிந்த கிளைகளை இழுத்துப் போட்டார்கள்.

இதே காட்சி திருவிவிலியத்திலும் இருக்கிறது. நெகேமியா நூல் 3ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். இடிந்து கிடந்த எருசலேம் மதிலைப் பழுது பார்த்தவர்களின் பட்டியல் அது. அதில் பொற்கொல்லர் இருக்கிறார், நறுமணத் தைலம் செய்பவர் இருக்கிறார், வணிகர்கள் இருக்கிறார்கள். சல்லூம் என்பவர் தம் புதல்வியரோடு வந்து வேலை செய்கிறார். குருக்களும் விலக்கு அல்ல. பலர் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியை எடுத்துக்கொண்டார்கள். தெக்கோவா ஊரின் பெருங்குடியினர் மட்டும் தோள் கொடுக்க மறுத்தார்கள் என்பதையும் அந்த நூல் விடாமல் குறித்து வைத்திருக்கிறது. மதில் 52 நாளில் முடிந்தது.

ஆகவே நம் வீட்டு வேலையில் நாம் கை வைப்பது கௌரவக் குறைவு அல்ல. மழைக்கு முன்பே மாடியில் கிடக்கும் சருகைக் கூட்டி, தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுத்தம் செய்தால், ஒழுகலில் பாதி அங்கேயே நின்றுவிடும். தளத்தில் தண்ணீர் தேங்குவதுதான் ஊறி இறங்கி, உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது, கதவுக் கீலுக்கு எண்ணெய் விடுவது, சுண்ணாம்பு அடிப்பது, இவற்றையெல்லாம் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். மகனுக்கு மட்டுமல்ல, மகளுக்கும் ஸ்பேனரைப் பிடிக்கக் கற்றுக் கொடுங்கள். கடவுள் தந்த வீட்டைப் பேணுவதும் ஒரு செபம்தான்.

ஆனால் இதே திருவிவிலியம் இன்னொன்றும் சொல்கிறது. விடுதலைப் பயணம் 31ஆம் அதிகாரத்தில், சந்திப்புக் கூடாரத்தை அமைக்க வேண்டிய நேரத்தில், கடவுள் எல்லாரையும் பார்த்து "ஆளுக்கொரு கை போடுங்கள்" என்று விட்டுவிடவில்லை. பெட்சலேல் என்ற ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவரைத் தம் ஆவியால் நிரப்பி, பொன்னிலும் கல்லிலும் மரத்திலும் வேலை செய்யும் திறமையைத் தருகிறார். கைத்திறன் தூய ஆவியாரின் கொடை என்பது இங்கே தெளிவாகிறது. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமும் கொல்லரையும் குயவரையும் போற்றுகிறது. அவர்கள் சபையில் மேலிடத்தில் அமராவிட்டாலும், அவர்கள் இல்லாமல் எந்த நகரிலும் குடியிருக்க முடியாது என்பது அந்த ஞானியின் கருத்து.

அப்படியானால் தெரிந்தவரைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம் அல்ல. கடவுள் அவருக்குக் கொடுத்த கொடையை மதிப்பதாகும். எல்லாவற்றையும் நானே செய்துகொள்வேன், எனக்கு யாரும் தேவையில்லை என்பது சில நேரம் சிக்கனம், சில நேரம் செருக்கு. கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாது என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியது வீட்டு வேலைக்கும் பொருந்தும்.

சரி, எதை நாம் செய்வது, எதற்கு ஆளைக் கூப்பிடுவது? இதற்கு ஓர் அளவுகோல் இணைச்சட்டம் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் கட்ட வேண்டும். இல்லையென்றால், யாராவது அங்கிருந்து விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும் என்கிறது சட்டம். அந்நாட்டு வீடுகளுக்கும் நம் ஊரைப் போலவே தட்டையான மாடிதான். நாம் வடகமும் மிளகாயும் காயவைப்பது போல, இராகாபு தன் மாடியில் சணல் தட்டைகளைப் பரப்பியிருந்தார். பேதுரு மாடியில்தான் செபிக்கப் போனார். ஆள் நடமாடும் இடம் என்பதால் அங்கே சுவர் வேண்டும்.

கவனியுங்கள். அந்தச் சுவரை யார் கட்ட வேண்டும், எவ்வளவு செலவில் கட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. தவறினால் விழப்போவது யார் என்றுதான் கேட்கிறது. நாமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும். குழாய் வாஷரில் தவறினால் ஒரு வாளித் தண்ணீர் வீணாகும். மின்சாரத்தில் தவறினால்?

ஃபியூஸ் போனால் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிற பழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. ஃபியூஸ் கம்பி மெல்லியதாக இருப்பதே, அளவு மீறிய மின்சாரம் வரும்போது அது முதலில் உருகி மற்றதைக் காப்பாற்றத்தான். தடித்த கம்பி உருகாது. அதற்குப் பதில் சுவருக்குள் ஓடும் ஒயர் சூடேறி எரியும். ஃபியூஸ் என்பது மின்சாரத்துக்குக் கட்டிய கைப்பிடிச் சுவர். எர்த் இணைப்பும் அப்படித்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. கருவியும் அப்படித்தான். இவற்றைச் சரிபார்க்க உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தெருவில் மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள். சமையல் எரிவாயு கசிந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல், கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906ஐ அழையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் மேல் ஏறாதீர்கள். வெயிலிலும் மழையிலும் நைந்த ஷீட் ஓர் ஆளின் எடையைத் தாங்காமல் திடீரென்று முறியும். அதை உடைத்தால் பறக்கும் தூசும் நுரையீரலுக்குக் கேடு.

அடக்கச் சடங்குக்குப் போகிற குருக்களாகிய நாம் வீடுகளில் கேட்கிற ஒரு சொல் உண்டு: "சின்ன வேலைதான்னு நினைச்சாரு சாமி." அந்தச் சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி கிடையாது. அந்த வீட்டுப் பிள்ளைகளின் தலையில் கைவைத்துச் செபிக்க மட்டுமே முடிகிறது. மிச்சம் பிடித்த அறுநூறு ரூபாயை அந்த வீட்டில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால், தவறினால் விழப்போவது யார் என்ற கேள்வி நம்மோடு முடிவதில்லை. நாம் விழக்கூடாது என்று இன்னொருவரை விழவைக்கலாமா? செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஒரு மனிதரைக் கூப்பிட்டு உள்ளே இறக்குகிற கொடுமை நம் மாநிலத்தில் இன்னும் அடியோடு ஒழியவில்லை. மூடிய தொட்டிக்குள் சேர்ந்திருக்கும் நச்சுவாயு ஓரிரு மூச்சிலேயே மயக்கி வீழ்த்தும். அவரைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுகிறார். 2013ஆம் ஆண்டின் சட்டம் இதைக் குற்றம் என்கிறது. ஈடுபடுத்துகிறவருக்கு முதல் முறையே 2 ஆண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். தொட்டிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. இந்த வேலையை நாமும் செய்யக்கூடாது, கூலி கொடுத்து இன்னொரு மனிதரையும் செய்ய வைக்கக்கூடாது. 14420 என்ற எண்ணை அழைத்து இயந்திர வண்டியை வரவழையுங்கள். அவரே ஒப்புக்கொண்டுதானே இறங்கினார் என்று சொல்லாதீர்கள். பசிக்கிற வயிறு எதற்கும் ஒப்புக்கொள்ளும்.

இங்கேதான் கூலியைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய 'ரேரும் நொவாரும்' மடலில், இருவரும் சம்மதித்த கூலி என்பதாலேயே அது நீதியான கூலி ஆகிவிடாது, உழைப்பவர் வாழப் போதுமானதாக அது இருக்க வேண்டும் என்று கற்பித்தார். கூலியாளின் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது லேவியர் 19ஆம் அதிகாரம். பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்று எச்சரிக்கிறார் புனித யாக்கோபு. "அஞ்சு நிமிஷ வேலைக்கு ஐநூறா?" என்று நாம் கேட்கிறோம். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் இருபது ஆண்டு பழகிய கை இருக்கிறது. பேரம் பேசுவதாக இருந்தால் வேலைக்கு முன்னால் பேசுங்கள். முடிந்த பிறகு குறைக்காதீர்கள். அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். உயரத்தில் ஏறுகிறவருக்கு இடுப்புக் கயிறு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டில் நாம் குடிக்கிற தம்ளரிலேயே அவருக்கும் தேநீர் கொடுங்கள். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்துத் தம்ளரை மாற்றுகிற வீட்டில் நற்கருணைப் பக்திக்கு என்ன பொருள்?

தொழிலாளத் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கம்பி நெளிந்திருப்பதும், கலவையில் சிமெண்ட் குறைந்திருப்பதும், எர்த் இழுக்காமல் விட்டிருப்பதும் பூச்சுக்கு மேலே தெரியாது. வீட்டுக்காரருக்குத் தெரியாத இடத்தில்தான் உங்கள் நேர்மை இருக்கிறது. நான்கு வீட்டில் முன்பணம் வாங்கிக்கொண்டு "நாளைக்கு வர்றேன்" என்று சொல்வதும் ஒரு வகையில் பொய்தான். 1955இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக ஏற்படுத்தினார். உங்கள் கையில் இருக்கும் மட்டக்கோலும் திருப்புளியும் அந்தப் புனிதரின் மரபு. உங்களில் 18 வயது முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள், 1994 முதல் இயங்கிவரும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் குடும்பத்துக்கு அது ஒரு கைப்பிடிச் சுவர்.

கடைசியாக ஒன்று. தானாகச் செய்யவும் தெம்பில்லை, ஆளைக் கூப்பிடவும் காசில்லை என்கிற வீடுகள் நம் பங்கிலேயே இருக்கின்றன. தனியாக வாழும் வயதான தாய்மாருக்கு, நாமே செய்வதா ஆளைக் கூப்பிடுவதா என்ற கேள்வியே எழுவதில்லை. ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு, இரவெல்லாம் கட்டிலை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள். நம் வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்பதை நாம் அறிவோம். பசியோடு வருகிறவர் யார் என்று கேட்காமல் அங்கே சோறு போடுகிறார்கள். அந்த மண்ணில் வாழ்கிற நாம், நம் அன்பியத்துக்குள் ஒழுகுகிற ஒரு கூரையை ஒழுகவிடலாமா?

ஒவ்வோர் அன்பியத்திலும் கொத்தனார் இருக்கிறார், எலக்ட்ரீஷியன் இருக்கிறார், பிளம்பர் இருக்கிறார். மண் சுமக்க இளைஞர்கள் இருக்கிறார்கள். பொருள் வாங்கித் தர வசதியுள்ள குடும்பங்கள் இருக்கின்றன. மழைக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஓர் அன்பியத்துக்கு ஒரு வீடு போதும். தொழில் தெரிந்தவர் தலைமை ஏற்கட்டும், தெரியாதவர்கள் அவர் சொல்வதைக் கேட்டுக் கைகொடுக்கட்டும். கூலியை நம்பி வாழும் அந்தத் தொழிலாளருக்கு அன்றைய கூலியை மற்றவர்கள் சேர்ந்து கொடுத்துவிடுங்கள். அவருடைய வயிற்றில் அடித்து நாம் தர்மம் செய்ய வேண்டாம்.

பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில், மழை இரண்டு வீட்டின் மேலும் பெய்தது. ஐப்பசி மழை நம் எல்லார் வீட்டின் மேலும் பெய்யத்தான் போகிறது. அது வருவதற்குள், வார்த்தையைக் கேட்டதோடு நில்லாமல் செயல்படுத்துகிற மக்களாக நாம் இருக்க, தொழிலாளரான புனித யோசேப்பு நமக்காக இறைவனை வேண்டுவாராக. ஆமென்.