செனீவாவில் இருமுறை

(புதுச்சேரி, சாரத்தில் நிகழ்ந்த பொழிவின் எழுத்துவடிவம்)



போர் நடந்துகொண்டிருக்கையில் படைக்கருவி கொடுப்பதா, பேச்சுக்கு அழைப்பதா என்னும் வினா ஈழச் சிக்கலோடு பிறந்ததன்று. எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இப்புதுச்சேரி மண்ணைத் தொட்ட வினா அது. ‘சொல்தா’ என்று ஊரார் அழைத்த பிரெஞ்சுப் படைத் தமிழர் இந்தோசீனாவில் பணிசெய்தனர். சைகோனில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் உண்டு. ஆகவே வியத்நாமியர் பிரான்சை எதிர்த்து நடத்திய போர் புதுச்சேரிக்கு அயலார் செய்தியாக இருந்ததில்லை.

அப்போரின் இறுதியில் செலவின் பெரும்பங்கை ஏற்றது அமெரிக்கா. பணமும் வானூர்தியும் வந்துகொண்டே இருந்தமையால், வெல்லவியலாத போர் என்பதை ஒப்புக்கொள்ளாமலே பாரிசு காலங்கடத்த முடிந்தது. 1954 மார்ச்சு 13இல் முற்றுகைக்குள்ளான தியன் பியன் பூ, மே 7இல் வீழ்ந்தது. அதன் பின்னும், இன்னும் சிறிது உதவி வந்தால் வெல்லலாம் என்போர் இருந்தனர். சூனில் தலைமையமைச்சரான பியேர் மெந்தேசு பிரான்சு மாற்றுவழி கண்டார். சூலை 20க்குள் போர்நிறுத்தம் காணாவிடில் பொறுப்பைத் துறப்பதாக மன்றத்தில் உறுதி கூறினார். குறித்த நள்ளிரவு கடந்து சில மணி நேரத்தில் செனீவாவில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. நாள் குறித்துத் தம் இருக்கையையே பிணையாக வைத்த ஆட்சியாளர் உலகில் அரியர் என்க!

அவர் ஆட்சியிலேயே, 1954 அக்தோபர் 18இல், கீழூரில் 178 பேராளர் கூடினர். இணைப்பை ஏற்று 170 ஒப்போலைகளும் மறுத்து 8 ஒப்போலைகளும் விழுந்தன. நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. (தில்லியின் கைக்கு மாறியதன் நன்மை தீமை வேறு பொழிவுக்குரியது.) புதுச்சேரி உடன்பாடு நிலைத்தது; செனீவா உடன்பாடு நிலைக்கவில்லை. 1956 சூலையில் நடக்கவேண்டிய பொதுத்தேர்தல் வியத்நாமில் நடக்கவேயில்லை. சைகோன் அரசுக்கு அமெரிக்கக் கருவிகள் தொடர்ந்து வந்தன; போர் 1975 ஏப்பிரல் வரை நீண்டது. கையெழுத்திட்ட தாளின்மேல் படைக்கலம் வந்து குவியுமானால் தாள் என்ன செய்யும்?

இவ்வளவு விரித்தது ஈழத்தை அளக்க ஒரு கோல் வேண்டியே. 1983 சூலைக் கொடுமைக்குப் பின் தில்லி போராளிக் குழுக்களுக்குக் கமுக்கமாகப் பயிற்சியும் கருவியும் அளித்தது. செயவர்த்தனா அரசோ இசுரேலியரையும் பாக்கித்தானையும் வெள்ளைக் கூலிப்படையினரையும் நாடிற்று. இரு பக்கமும் கருவி இறங்கிக்கொண்டிருந்த அந்நிலையில்தான், 1985 சூலை 8இல் திம்புவில் பேச்சு தொடங்கியது. தமிழர் தனியினம் என்பது, அவர்க்குத் தாயகம் உண்டு என்பது, தம் அரசியல் நிலையைத் தாமே தேரும் உரிமை, தீவில் வாழும் தமிழர் அனைவர்க்கும் குடியுரிமை ஆகிய நான்கையும் தமிழ்ப் பேராளர் ஒருகுரலாக முன்வைத்தனர். குழுக்கள் பலவும் ஒன்றாகி நின்ற அரிய பொழுது அது. கொழும்பு முதன்மூன்றையும் மறுத்தது. இரண்டாம் சுற்று நடக்கையிலேயே வவுனியாவில் தமிழ்மக்கள் கொல்லப்பட்டனர். தமிழ்ப் பேராளர் வெளியேறினர்.

1987 சூலை 29 உடன்படிக்கையில் கையெழுத்திட்டோர் இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும். யாருடைய உயிரைப் பற்றிய தாளோ அவர்களுடைய கையெழுத்து அதில் இல்லை! அவ்வாண்டு அக்தோபரில், தில்லி பயிற்றுவித்தவர்களோடு தில்லிப்படையே பொருதியது. கருவி கொடுத்த கை ஒருநாள் அதைத் திரும்பக் கேட்கும், கொடாதவனைச் சுடும். ‘கருவி போதும்’ என்றோரும் ‘பேச்சு போதும்’ என்றோரும் அன்று இங்கு மேடைதோறும் வழக்காடினர். இரண்டையும் ஒரே தில்லி தன் நலத்துக்காக வைத்திருந்ததை வினவியோர் சிலரே.

நார்வேயின் முயற்சியால் 2002 பெப்பிரவரி 22இல் போர்நிறுத்தம் உருவாயிற்று. ஆறு சுற்றுப் பேச்சுக்குப்பின் 2003 ஏப்பிரலில் புலிகள் விலகினர். அமர்நிறுத்தத்துள் இரு தரப்பும் கருவி சேர்த்தன என்பதை மறைப்பது வரலாற்றுக்கு முறையன்று. ஆயினும் அரசுக்கிருந்த வாயில்கள் பல. சீனாவும் பாக்கித்தானும் படைக்கலம் விற்றன. வானூர்தி வருகையை அறியும் கருவிகளை இந்தியா தந்தது. அமைதி பேசுமாறு அறிவுரை கூறிய தில்லியே அதையும் தந்தது!

2006 அக்தோபர் இறுதியில் மீண்டும் அதே செனீவா. ஆகட்டில் மூடப்பட்ட ஏ-9 சாலையைத் திறக்குமாறு புலிகள் கேட்டனர். யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு உணவு செல்லும் தரைவழி அது. அரசு மறுத்தது. மெந்தேசு பிரான்சு நாள் குறித்த நகரில், அடுத்த கூட்டத்துக்கு நாள்கூடக் குறிக்காமல் பேராளர் எழுந்தனர். 2008 சனவரியில் கொழும்பு போர்நிறுத்தத்தைக் கைவிட்டது. 2009 மே வரையான இறுதிப்போரில் மாண்ட பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஒன்றிய நாடுகளின் வல்லுநர் குழு 2011இல் எழுதியது.