ஜவுளி அங்காடியில் ஓர் உத்தியோகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குடியிருப்பில் மகனோ மகளோ படிப்பை முடித்ததும் பெற்றோரின் நினைவுக்கு வருபவை நான்கே உத்தியோகங்கள்: இரயில்வே, பாங்கு, கம்ப்யூட்டர், ஆசிரியர் வேலை. ஐந்தாவதாக ஒன்றைப் பிள்ளைகள் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அது ஆயத்த ஆடை அங்காடி வேலை. அதிலும் ‘விஷுவல் மெர்ச்சண்டைசிங்’ எனப்படும் காட்சியமைப்பு வேலை. அதனைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். நான் சரக்குப் பிரிவில் குமாஸ்தா. பள்ளியிறுதி வகுப்பிற்கு மேல் படித்தவனல்லன். ஆதலால் கேட்டறிந்ததையும் கண்டறிந்ததையும் மட்டுமே சொல்லுகிறேன்.

என் தமக்கையின் மகள் இத்தொழிலில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறாள். அவள் சேர விரும்பியபோது, “பட்டம் பெற்றது துணி மடிப்பதற்கா?” என்று அவள் தந்தையார் கேட்டார். ஒரு மாத காலம் அவ்வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. இச்சபையில் வேறு சில வீடுகளிலும் இதே கேள்வி எழுந்திருப்பதை நான் அறிவேன். கேள்வி நியாயமானதுதான். துணி மடிப்பதும் அவ்வேலையில் உண்டு. ஆனால் அதுவே முழு வேலையன்று.

பழைய ஜவுளிக்கடையில் வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். விற்பவர் அலமாரியிலிருந்து எடுத்து எடுத்து விரித்துக் காட்டுவார். மும்பை அந்தேரியில் 1991-ல் ஷாப்பர்ஸ் ஸ்டாப்பும், நம் கரியாஹாட்டில் 1997-ல் பான்டலூன்ஸும் திறந்த பிறகு இம்முறை மாறலாயிற்று. இப்போது வாடிக்கையாளர் நடக்கிறார். துணி அவரை எதிர்கொள்ளுகிறது. விரித்துக் காட்டிய கை இல்லை. அந்தக் கையின் வேலையைக் கண்ணாடி மாடமும், விளக்கும், பொம்மையும், அடுக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. அவற்றைச் செய்ய வைப்பவரே காட்சியமைப்பாளர்.

தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். நவராத்திரிக் கொலுவில் எந்தப் பொம்மை எந்தப் படியில் என்பதை நீங்கள் யாரிடமும் கேட்பதில்லை. உயரமானது பின்னால், சிறியது முன்னால். சிவப்புக்குப் பக்கத்தில் சிவப்பு வந்து இரண்டும் மங்கிவிடாதபடி பார்த்துக்கொள்ளுகிறீர்கள். விளக்கொளி முகத்தில் படவேண்டும் என்று நாலடி தள்ளி நின்று பார்த்துத் திருத்துகிறீர்கள். கீழ்ப்படியில் செட்டியாரும் செட்டிச்சியும் அரிசி பருப்புடன் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா? ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. கொலுவில் வைத்த பொம்மை பத்து நாளும் அங்கேயே இருக்க வேண்டும். கடையில் வைத்தது அங்கிருந்து போகவேண்டும். கண்ணாடி மாடத்தில் கண்ட நீலச் சட்டையைக் கேட்டு ஒருவர் உள்ளே வரும்போது அவருடைய அளவில் அது கையிருப்பில் இல்லையானால், மாடத்தின் அழகு முழுவதும் வீண்.

ஆகையால் இத்தொழிலின் பாதி கணக்கேயாகும். ஒரு சதுர அடி இடத்தில் எவ்வளவு விற்றது, வந்த சரக்கில் எத்தனை பங்கு முழு விலைக்குப் போயிற்று, எத்தனை பங்கு தள்ளுபடிக்குத் தள்ளப்பட்டது என்று நாள்தோறும் பார்க்கிறார்கள். எங்கள் இரயில்வேயில் இறக்கப்படாமல் நிற்கும் வாகனுக்கு டெமரேஜ் விதிப்போம். அங்கே விற்காமல் தொங்கும் சட்டைக்கு யாரும் சீட்டு எழுதுவதில்லை. ஆயினும் அதற்கும் வாடகையும் மின்சாரமும் ஏறிக்கொண்டேயிருக்கின்றன. கண்ணுயரத்தில் எதை வைப்பது, நுழைந்தவுடன் முதல் மேசையில் எதை வைப்பது என்பதெல்லாம் அக்கணக்கிலிருந்தே பிறக்கின்றன. வரையத் தெரியும், கணக்கு வராது என்னும் பிள்ளை இதில் நெடுந்தூரம் போக இயலாது என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே செல்ல இரண்டு வழிகள். ஒன்று கல்லூரி. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் 1986-ல் டில்லியில் தொடங்கிய நிஃப்ட் கழகத்திற்கு, 1995 முதல் நம் கல்கத்தாவிலும் சென்னையிலும் கிளைகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் நுழைவுத் தேர்வெழுதி நான்கு ஆண்டு வடிவமைப்புப் பட்டம் பெறலாம். அதில் ‘ஃபேஷன் கம்யூனிகேஷன்’ என்னும் பிரிவில் காட்சியமைப்பும் பாடம். வேறு பட்டம் பெற்றவருக்கு இரண்டாண்டு நிர்வாகப் படிப்பு இருக்கிறது. செலவு சில இலட்சங்கள். மற்றொரு வழி கடைத்தளம். விற்பனையாளராகச் சேர்ந்து, பிரிவு மேலாளர், கடை மேலாளர் என்று உயரலாம். அல்லது காட்சியமைப்பில் கைதேர்ந்து பல கடைகளுக்குப் பொறுப்பேற்கலாம். ஹாரி கார்டன் செல்ஃப்ரிட்ஜ் என்பவர் சிகாகோ நகரில் சரக்கெடுத்துக் கொடுக்கும் பையனாகத் தொடங்கி, 1909-ல் லண்டனில் தம் பெயரால் பேரங்காடி திறந்தவர். கண்ணாடி மாடங்களில் இரவிலும் விளக்கெரிய விட்டவர். பிற்காலத்தில் அதே அங்காடி அவர் கையை விட்டுப் போய், வறுமையில் இறந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

எங்கள் உத்தியோகத்தின் உறுதி இதில் இல்லை. 1997-ல் கரியாஹாட்டில் திறந்த பான்டலூன்ஸ் 2012-ல் வேறு குழுமத்திற்குக் கைமாற ஏற்பாடாயிற்று. 2001-ல் தொடங்கிய பிக் பஜாரின் கடைகள் பல 2022-ல் பிறர் கைக்குச் சென்றன. பலகை மாறும், வேலை தெரிந்தவர் அடுத்த பலகையின் கீழ் போய் நிற்கலாம். ஆனால் இடையில் சில மாதம் சம்பளமின்றி இருக்க வீட்டில் வகை இருக்கவேண்டும்.

நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு மணி, ஒன்பது மணி நேரம் நின்றே தீர வேண்டிய தொழில் இது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி, 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டத்தில் பெற்றார்கள். தமிழ்நாட்டிலும் 2021-ல் கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்குப் போகும் பிள்ளை சம்பளத்தைக் கேட்பதோடு, நாற்காலி உண்டா, இரவு எத்தனை மணிக்குக் கடை அடைப்பு, வீடு திரும்ப வண்டி உண்டா என்பதையும் கேட்க வேண்டும். துர்க்கா பூஜைக்கு முந்திய வாரங்களில் விடுமுறையை எதிர்பார்க்கலாகாது.

பெற்றோருக்கு என் யோசனை இது: இலட்சங்களைக் கட்டுவதற்கு முன், ஒரு பூஜைக் காலத்தில் தற்காலிகச் சிப்பந்தியாகப் பிள்ளையை அனுப்பிப் பாருங்கள். கால் தாங்குகிறதா, மனம் ஒட்டுகிறதா என்பது ஆறு வாரத்தில் தெரிந்துவிடும். நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். நான்கு மொழியில் விலை சொல்லத் தெரிந்தவரைக் கடைக்காரர் எளிதில் விடுவதில்லை.

என் மருமகள் இன்று இங்கு வந்து தானே பேசியிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் அவர்களுக்கு விடுப்பு கிடையாது. செவ்வாய்க்கிழமைதான் அவளுக்கு ஓய்வு நாள். விவரம் வேண்டுவோர் அன்று மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் வீட்டிற்கு வரலாம். அவள் தந்தையாரும் இருப்பார், அவரிடமும் கேட்கலாம்.