மேகநோய்ப் பயமும் வெட்கமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மேடையில் பேசத்தக்கதல்ல என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தேரிலும் கோபுரத்திலும் செதுக்கி வைத்திருப்பதைக் குடும்பத்தோடு அண்ணாந்து பார்க்கலாமாம். அந்தக் காரியத்தால் வரக்கூடிய வியாதியைப் பற்றி மட்டும் வாய்திறக்கக் கூடாதாம். இது என்ன நாகரிகம் என்று நாம் கேட்கிறோம்.

ஒரு வாலிபன் வெளியூருக்கு வேலைக்குப் போகிறான். ஒரு நாள் இரவு, முன்பின் பழக்கமில்லாத ஒருவரோடு சேர்ந்துவிடுகிறான். ஆணுறை கிடையாது. பொழுது விடிவதற்குள் பயம் பிடித்துக்கொள்ளுகிறது. நீர் கடுத்தால் வெட்டையோ என்கிறான்; வேர்க்குரு கண்டால் கிரந்தியோ என்கிறான்; இரண்டு தும்மல் போட்டால் எய்ட்ஸ் வந்தேவிட்டது என்று இரவெல்லாம் புரளுகிறான். யாரிடம் சொல்லுவான்? தகப்பனாரிடம் சொன்னால் உதை. சிநேகிதனிடம் சொன்னால் ஊர் சிரிக்கும். சாமியிடம் சொன்னால் சாமி யாரிடமும் சொல்லாது. ஆதலால் சாமியிடம் சொல்லி மொட்டை நேர்ந்துகொள்ளுகிறான். மயிர் போகிறதே தவிர கிருமி போவதில்லை. அதற்குப் பிறகு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்து, லாட்ஜில் அறை எடுத்து உட்கார்ந்திருக்கும் வைத்தியரிடம் போகிறான். அவர் நாடியைப் பார்க்கிறாரோ இல்லையோ, சட்டைப்பையைப் பார்த்துவிடுகிறார்.

இந்தச் சாமிகளின் யோக்கியதைதான் என்ன? அகலிகையிடம் போன இந்திரனுக்கு உடம்பெல்லாம் குறியாயிற்று என்றும், ரோகிணியிடமே கிடந்த சந்திரனுக்கு மாமனார் சாபத்தால் க்ஷயரோகம் வந்தது என்றும் புராணக்காரனே எழுதி வைத்திருக்கிறான். சாபத்தால் வந்த வியாதி வரத்தால் போகலாம். கிருமியால் வந்தது எப்படிப் போகும்?

கிரந்திப் புண்ணுக்குப் பறங்கிப் புண் என்றும் நம்மவர்கள் பேர் வைத்தார்கள், பறங்கிக்காரன் கொண்டுவந்தானாம். ஐரோப்பாவிலோ, 1495-ல் பிரெஞ்சுப் படை நேப்பிள்ஸ் நகரத்தைப் பிடித்த சமயத்தில் அது பரவியபோது, இத்தாலிக்காரன் அதைப் பிரெஞ்சு வியாதி என்றான். பிரெஞ்சுக்காரன் நேப்பிள்ஸ் வியாதி என்றான். எந்த நாட்டானும் அதைத் தன் வியாதி என்று சொல்லிக்கொள்ளவில்லை. சுமார் 400 வருஷம் பாதரசத்தைப் பூசியும் தின்றும் ஜனங்கள் பல்லை இழந்தார்கள். 1905-ல் ஷௌடின், ஹாப்மன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பூதக்கண்ணாடியில் அந்தக் கிருமியைக் கண்டார்கள். 1910-ல் எர்லிக்கின் மருந்து விற்பனைக்கு வந்தது. 1943-ல் பென்சிலின் அதைக் கொல்லும் என்று தெரிந்தது. இன்றைக்கும், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், பெரும்பாலும் ஒரே தடவை போடும் பென்சிலின் ஊசியோடு காரியம் முடிந்துவிடுகிறது.

அப்படியிருக்க, ஏன் இன்னும் ஜனங்கள் கெட்டுப்போகிறார்கள்? இங்கேதான் கவனிக்க வேண்டும். கிரந்தியின் முதற்புண் 10 நாளிலிருந்து 90 நாளுக்குள், சாதாரணமாக மூன்றாவது வாரத்தில், வருகிறது. அதில் பெரும்பாலும் வலி கிடையாது. மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். அந்தச் சில வாரங்களில் நமது வாலிபன் லேகியம் தின்றிருப்பான்; அல்லது மண்சோறு தின்றிருப்பான். புண் ஆறிய பெருமை லேகியத்துக்கும் அம்மனுக்கும் போய்ச் சேருகிறது. கிருமியோ ரத்தத்தில் சுகமாக இருக்கிறது. பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வரலாம், அதுவும் மறையும், அம்மனுக்கு இன்னொரு பொங்கல். பல வருஷம் கழித்துச் சிலருக்கு இருதயத்தையும் மூளையையும் அது பிடிக்கிறபோது, பூசாரியும் இல்லை, லாட்ஜ் வைத்தியரும் இல்லை.

ஆகவே நாம் சொல்லுவது, பயத்துக்குக் கணக்கு இல்லாவிட்டாலும் கிருமிக்குக் கணக்கு உண்டு என்பதே. சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொன்னால், டாக்டர் தேவையென்று கண்டால், எச்.ஐ.வி. பற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து தருவார். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. வெட்கப்பட்டு நான்காம் நாள் போனால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. வெட்டை ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் சீழும் கடுப்புமாகக் காட்டும். பெண்களுக்கோ பல சமயம் ஒன்றுமே காட்டாது. எச்.ஐ.வி. சோதனையை மறுநாளே செய்துகொள்வதால் முன்பே இருந்ததா என்பதுதான் தெரியும். புதிதாகப் பற்றியதா என்பது தெரியாது. ஆய்வுக்கூடத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனை 45 நாளிலும், விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை 90 நாளிலும் நம்பத்தக்க பதிலைத் தரும். அந்தப் பதில் இல்லை என்று வந்தால், இடையில் வேறு சம்பவம் இல்லாதபட்சத்தில், இல்லை என்றே அர்த்தம். அதன் பிறகும் பத்தாவது தடவையாக ரத்தம் கொடுக்க நிற்பவருக்கு வியாதி மனதில் இருக்கிறது. அதற்கும் டாக்டர் உண்டு.

உண்டு என்று வந்தால்தான் என்ன? 2004 முதல் அரசாங்கமே கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்கு அடங்கிப்போனவரிடமிருந்து உடலுறவின் மூலம் பிறருக்குப் பற்றுவதில்லை. வேலை செய்யலாம், கலியாணம் செய்துகொள்ளலாம், பிள்ளையும் பெறலாம்.

இனிப் பெண்களைப் பற்றி. வெள்ளைக்காரன் 1868-ல் ஒரு சட்டம் போட்டு, தாசி என்று பேர் பதிந்த பெண்களைப் பலவந்தமாகச் சோதித்து ‘லாக்’ ஆஸ்பத்திரியில் அடைத்தான். அவர்களிடம் போன சிப்பாயை அந்தச் சட்டம் தொடவில்லை. 1888-ல் அது ஒழிந்தது. அந்தப் புத்தி ஒழிந்ததா? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் செய்த அரிய வேலையினால், கண்டுபிடிக்கப்பட்டது. அது தொழில் செய்த பெண்களின் ரத்தத்தில் தெரிந்தது. உடனே ஊர் முழுவதும் அந்தப் பெண்களை ஏசிற்று. அவர்களுக்கு அது யாரால் வந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்? வீட்டிலும் இதே கதைதான். புருஷன் கொண்டுவந்து கொடுக்கிறான், பெண்டாட்டி வாங்கிக்கொள்ளுகிறாள், கர்ப்பம் கலைந்தால் அவள் ராசியில்லாதவள், அவன் செத்தால் அவள் புருஷனை விழுங்கினவள். கர்ப்பிணியின் கிரந்தி வயிற்றுப் பிள்ளையையும் பிடிக்கும் என்பதையும், சோதித்து ஊசி போட்டால் பிள்ளை தப்பும் என்பதையும் எந்தச் சாஸ்திரி சொன்னான்? ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் ரத்தப் பொருத்தம் ஒன்றைப் பார்த்தால், பெண்ணைப் பெற்றவன் நிம்மதியாகத் தூங்கலாம். சந்தேகம் உள்ளவன் பதில் தெரிகிற வரையில் ஆணுறை இல்லாமல் மனைவியைத் தொடக்கூடாது. வியாதி உண்டென்று தெரிந்தால் அவளிடம் சொல்லி இருவரும் சேர்ந்தே வைத்தியம் செய்துகொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து தின்றால் மற்றவரிடமிருந்து திரும்பவும் ஒட்டும்.

வெளியே தெரிந்துவிடுமே என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமுலுக்கு வந்த சட்டப்படி, சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. சோதனை செய்யக்கூடாது, முடிவை ஊருக்குச் சொல்லக்கூடாது, அதற்காக வேலையிலிருந்து தள்ளவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு போட்டிருக்கும். பேரைக் கண்டு சுயமரியாதைக்காரர்கள் மிரள வேண்டியதில்லை. உள்ளே நடப்பது ரத்தப் பரிசோதனைதான், காசும் கிடையாது. போவதற்கு முன் விசாரிக்க விரும்புகிறவர்கள் 1097 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம். பேர் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் நம்மிடம் தனியாகக் கேட்க விரும்பும் தோழர்களும் கேட்கலாம். நாம் கடைசி பஸ் வரையில் இங்கேயே இருப்போம்.