வரலாற்று வகுப்பில் ஐயவினா



நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்த ஒருவர், மற்றவர்க்கு அது தெரியுமா என்று காணக் கேட்பது அறிவினா. நடுநிலைப் பள்ளி வரலாற்று வகுப்பில் ஒலிப்பது பெரும்பாலும் அஃது ஒன்றே. கேட்பவரும் ஆசிரியர் ஒருவரே. கலிங்கப் போர் எந்நூற்றாண்டில் நடந்தது? மாணவன் எழுந்து நூற்றாண்டைச் சொல்லி அமர்கிறான். அறியாவினாவும் ஐயவினாவும் அவனுக்குரியவை. அவையோ இலக்கண ஏட்டோடு நின்றுவிட்டன.

இராசகீழ்ப்பாக்கத்துச் சிறுமி ஒருத்தி, "ஐயா, நம் ஊர்ப்பெயரில் உள்ள அரசன் எவன்? பாக்கம் என்றால் கடற்கரையூர் என்று தமிழ் வகுப்பில் படித்தோமே, இங்கே கடல் எங்கே?" என்று கேட்பதாகக் கொள்வோம். பாடநூலில் விடை இல்லை. "பாடத்தைப் பார்" என்று அதட்டினால் அவள் மறுமுறை கை தூக்கமாட்டாள். "எனக்கும் தெரியவில்லை, எங்கே தேடலாம்?" என்று ஆசிரியர் சொன்னால் அன்றே வரலாறு தொடங்கிவிடும். அண்டையிலுள்ள மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிற் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள; வருவாய்த் துறையின் பழைய நிலப் பதிவேடுகள் உள; ஊர் முதியோர் உளர். மூன்றும் ஒன்றையே சொல்லும் என்பதில்லை. எதை நம்புவது என்பது அடுத்த வினா. தெரியாது எனச் சொல்வது ஆசிரியர்க்கு இழுக்கு என்னும் எண்ணமே இங்குப் பெருந்தடை.

தாம்பரத்திலிருந்து மின்தொடர்வண்டியில் மூன்றாம் நிலையம் பல்லாவரம். அங்கே 1863 மே 30 அன்று, சரளைக்கல் தோண்டிய பள்ளமொன்றில் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலறிஞர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அத்தகைய கற்களைப் பலரும் மிதித்தே சென்றிருப்பர். இதைச் செதுக்கிய கை எது என்று அவர் வினவினார். அது பழைய கற்காலக் கைக்கோடரி! அவ்வாண்டிலேயே அத்திரம்பாக்கத்திலும் அத்தகைய கருவிகள் கிடைத்தன. எத்துணைப் பழைமை என்னும் வினா அதனோடு ஓயவில்லை. அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஏறத்தாழ 15 நூறாயிரம் ஆண்டு முற்பட்டவை என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பல்லாவரத்தின் அருகே வாழும் பிள்ளை இதை அறியாமல் பள்ளியை விட்டுச் செல்வது கொடுமை அன்றோ?

இன்னொன்று. தமிழ் மேடைகளுக்கு இது கசக்கலாம். கீழடி கி.மு. 6ஆம் நூற்றாண்டினது என்று சொல்பவரையும் மாணவன் "எவ்வாறு அறிந்தீர்?" என்று கேட்கட்டும். விடை உண்டு: 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580 அளவினது என்று கரிமக் காலக்கணிப்பு காட்டியதை, தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டது. ஆனால், சான்று ஏதுமின்றிப் பல்லாயிரம் ஆண்டுக் கணக்குகளை முழங்குவோரிடமும் அவன் அதே வினாவைக் கேட்பான். அப்போது அவனை இனப்பகைவன் என்று அடக்கிவிடுதல் ஆகாது. சான்றுள்ள பெருமையையும் ஐயுறத் தக்கதாக்கிவிடுபவர் அவனல்லர், முழங்குவோரே.

பாடத்திட்டம் முடியாது, தேர்வு நெருங்குகிறது என்பர். உண்மைதான். எனினும் கிழமைக்கு ஒரு வகுப்பில் 5 மணித்துளி ஒதுக்க இயலாதா? வகுப்புக்கு ஓர் ஏடு போதும். மாணவர் வினாக்களை அதில் எழுதட்டும். விடை கிடைத்ததற்கு எதிரே கண்டுபிடித்தவர் பெயரையும் சான்றையும் குறிக்கட்டும். கிடைக்காதவை அடுத்த ஆண்டு வகுப்பினர்க்கு அவ்வேட்டோடு போகட்டும்.